கோரத்துக்கு இரண்டு பேர் குறைச்சல்

போன இதழில் நாமக்கல் வாசகர் ஒருவர், ‘உறுப்பினரை வலுக்கட்டாயமாகத் தூக்கி வந்து சபையில் உட்கார வைத்த கதை உலகத்தில் எங்காவது உண்டா?’ என்று கேட்டிருந்தார். ‘உண்டு. 1787, பிலடெல்பியா. இரண்டு பேர்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அடுத்த கேள்வியான வத்தக்குழம்புக்குப் போய்விட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று தபால்காரர் வந்த பிறகுதான் தெரிந்தது. யார் அந்த இரண்டு பேர், யார் தூக்கியது, கேஸ் ஆனதா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி மேல் கேள்வி. அதனால் இந்த இதழ் முழுக்கப் பென்சில்வேனியா சட்டசபைக்கே. வத்தக்குழம்புக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அம்மா, அந்த இரண்டு பேர் கதையை முழுசாகச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் எப்படி? (வாசகர், திருவாரூர்)

சொல்கிறேன். 1787 செப்டம்பர் 17-ம் தேதி, அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டம் பிலடெல்பியாவில் கையெழுத்தானது. 13 மாநிலங்களில் 9 சம்மதித்தால்தான் அதற்கு உயிர். ஒவ்வொரு மாநிலமும் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டி, ‘ஏற்கிறோம்’ அல்லது ‘மாட்டோம்’ என்று சொல்ல வேண்டும். அந்த மாநாட்டுக்கு ஆள் அனுப்பத் தேர்தல் நடத்தச் சொல்ல வேண்டியது மாநிலச் சட்டசபை.

பென்சில்வேனியா சட்டசபை கூடுவதும் அதே பிலடெல்பியாவில்தான், அதே ஸ்டேட் ஹவுஸ் கட்டடத்தில். இன்றைக்கு இண்டிபெண்டன்ஸ் ஹால் என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்களே, அதேதான். சபாநாயகர் தாமஸ் மிஃப்ளினே புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். உறுப்பினர்களில் ஜார்ஜ் கிளைமர், தாமஸ் ஃபிட்ஸ்சிமன்ஸ், ராபர்ட் மோரிஸ் மூவரும் அப்படியே. மறுநாளே சபையில் சட்டத்தைப் படித்துவிட்டார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பாவே புரோகிதராகவும் இருந்தால் முகூர்த்தம் தள்ளிப்போகுமா?

ஆனால் நாள் இல்லை. அந்தச் சபையின் ஆயுள் செப்டம்பர் 29, சனிக்கிழமையோடு முடிகிறது. அக்டோபர் 9-ம் தேதி புதுத் தேர்தல். 28-ம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் கிளைமர் எழுந்து, மாநாடு கூட்டுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த காங்கிரஸிடமிருந்து (அன்றைய தேசியச் சபை) முறைப்படி வரவேண்டிய கடிதம்கூட இன்னும் வந்து சேரவில்லை. கம்பர்லேண்ட் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) உறுப்பினர் ராபர்ட் வைட்ஹில்லும், வெஸ்ட்மோர்லேண்ட் கவுண்டி வில்லியம் ஃபிண்ட்லியும் ‘என்ன அவசரம்? மேற்கே எங்கள் ஜனங்கள் இதைப் படித்தே பார்க்கவில்லை’ என்கிற தோரணையில் வாதாடினார்கள். எடுபடவில்லை. தீர்மானம் 43க்கு 19 என்று நிறைவேறியது. மாநாடு உண்டு என்றாகிவிட்டது. எந்தத் தேதி, எந்த ஊர் என்பதை மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மாலை 4 மணிக்கு ஒத்திவைத்தார்கள்.

சாப்பாட்டுக்கு விட்டதுதான் வினை. 4 மணிக்கு மிஃப்ளின் வந்து உட்கார்ந்து தலைகளை எண்ணினால் 44. மொத்த உறுப்பினர்கள் 69. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 46 பேர், இருந்தால்தான் சபை. இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குத்தான் கோரம் என்று பெயர். காலையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 19 பேரையும் காணோம்.

சபைக் காவலரை அனுப்பினார்கள். அவர் போய்விட்டு வந்து சொன்ன பதில்கள் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஆறாவது தெருவில் மேஜர் பாய்ட் என்பவருடைய விடுதியில் அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஸ்டேட் ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரம். ‘சபாநாயகரும் சபையும் கூப்பிடுகிறார்கள்’ என்று இவர் சொல்ல, அவர்கள் ‘சபையே இல்லையே’ என்றார்களாம். கோரம் இல்லாவிட்டால் சபை ஏது? சட்டப்படி சரியான பதில்தான். ‘இன்று மாலை வருவதற்கு இன்னும் மனம் முடிவாகவில்லை’ என்றும் சொன்னார்களாம். கிளார்க் என்கிற உறுப்பினர், ‘இனி தேர்தல் வேலை பார்க்கப் போகணும்’ என்றாராம். எனக்குப் பிடித்தது அந்தக் கிளார்க்கைத்தான். மனுஷர் எதையும் ஒளிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. நியூயார்க்கிலிருந்து குதிரையில் பறந்துவந்த ஆள் காங்கிரஸின் கடிதத்தைக் கொண்டுவந்துவிட்டார். ‘கடிதம் வரவில்லை’ என்ற சாக்கு போயிற்று. காவலரும் உதவி எழுத்தரும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போனார்கள். ஃபிண்ட்லி திரும்பிப் பார்த்தார், இவர்கள் வருவதைக் கண்டார், நடையை எட்டிப் போட்டார், ஒரு முனையில் திரும்பினார், அவ்வளவுதான். வைட்ஹில் தங்கியிருந்த வீட்டில் வேலைக்காரப் பெண் மாடிக்குப் போய் இறங்கி வந்து ‘ஐயா வீட்டில் இல்லை’ என்றாள். இந்த ஒரு விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே பாஷைதான்.

அதற்குமேல் சட்டம் சும்மா இருக்க, ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு கூட்டம் பாய்ட் விடுதிக்குள் புகுந்தது. அகப்பட்டவர்கள் இரண்டு பேர்: பிராங்க்ளின் கவுண்டியின் ஜேம்ஸ் மெக்கால்மண்ட், டாஃபின் கவுண்டியின் ஜேக்கப் மைலி. தெரு வழியே இழுத்து வந்து, சட்டை கிழிந்த கோலத்தில், சபைக்குள் தள்ளினார்கள். 44-உடன் 2. கணக்குச் சரியாகிவிட்டது.

கேள்வி: உள்ளே வந்த பிறகு சும்மாவா இருந்தார்கள்? (வாசகி, பாளையங்கோட்டை)

மெக்கால்மண்ட் சும்மா இருக்கவில்லை. மைலி பாவம், கதையில் அவர் பெயர் எப்போதும் இரண்டாவதாகவே வரும்.

மெக்கால்மண்ட் எழுந்து, ‘எனக்கு யாரென்றே தெரியாத ஆட்கள் என் விருப்பத்துக்கு மாறாக என்னை இங்கே இழுத்து வந்திருக்கிறார்கள், என்னைப் போகவிடுங்கள்’ என்றார். ஃபிட்ஸ்சிமன்ஸ், ‘சபை உறுப்பினர் யாருக்காவது இதில் பங்கு இருந்தால் சொல்லுங்கள், தண்டிப்போம்’ என்று பெருந்தன்மையாகக் கேட்டார். யாருக்கும் இல்லை! பிராக்கன்ரிட்ஜ் என்கிற வக்கீல் உறுப்பினர், அவர் எப்படி வந்தார் என்பது சபையின் கவலை இல்லை, வந்திருக்கிறார் என்பதுதான் விஷயம் என்று போட்டார். அதற்குள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். வராத உறுப்பினருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று இருந்தது. உடனே மெக்கால்மண்ட் பையில் கையை விட்டுச் சில்லறை வெள்ளிக்காசுகளை எடுத்து நீட்டினார். ‘இந்தாருங்கள் அபராதம், என்னை விடுங்கள்.’

பார்வையாளர் பகுதியில் ஒரே சிரிப்பு. அந்த மாநிலச் சட்டப்படி, ஒழுங்காக நடந்துகொள்கிற எவருக்கும் சபைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அதனால் ஊரே உள்ளே இருந்தது. சபாநாயகர் மிஃப்ளின் நிதானமாக, அபராதம் வாங்குகிற அலுவலர் இப்போது இடத்தில் இல்லை, இருந்தாலும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்றார். வராதவருக்குத்தானே அபராதம்? நீங்கள்தான் வந்திருக்கிறீர்களே!

நான் இதைப் படித்துவிட்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சிரித்தேன். பிறகு வருத்தமாகவும் இருந்தது. மனுஷர் காசை வைத்துக்கொண்டு நிற்கிறார், வாங்க ஆள் இல்லை.

கடைசி முயற்சியாக எழுந்து கதவை நோக்கி நடந்தார். வாசலில் நின்ற கூட்டம் ‘பிடி, விடாதே’ என்று கத்தியது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். சரி, வந்தது வந்தாயிற்று என்று விவாதத்தில் இறங்கிவிட்டார். மாநாட்டைப் பிலடெல்பியாவில் வேண்டாம், கார்லைல் ஊரில் வையுங்கள் என்றார். தோற்றது. தேர்தலை டிசம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றார். அதுவும் தோற்றது. நவம்பர் 6 தேர்தல், அதே மாதம் 20-ம் தேதி பிலடெல்பியாவில் மாநாடு என்று முடிவு செய்துவிட்டு சபை கலைந்தது.

கேள்வி: மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்பது அநியாயம் இல்லையா? பாதிப் பேர் போதாதா? (வாசகர், மதுரை)

கோரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருப்பது சும்மா இல்லை என்று நான் அடிக்கடி நினைப்பேன். நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் 29 வருடம் பேரவைக் கூட்டத்துக்குத் தீர்மானப் புத்தகம் எழுதியவள். ஒரு வருடம் ஏதோ மனஸ்தாபத்தில் பாதி உறுப்பினர்கள் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் உதவியாளர் போனார். ‘டீ குடி, கையெழுத்து மட்டும் கேட்காதே’ என்றார்கள். நகைக்கடன் ரசீது கேட்க வந்த ஒரு தாத்தாவை ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று போட வைத்துத்தான் அன்றைக்குக் கூட்டம் நடந்தது. எழுதியது நான்தான். ‘போதிய உறுப்பினர்கள் வருகை தந்திருந்தனர்.’ பொய் இல்லை.

பென்சில்வேனியாவுக்கு வருகிறேன். அவர்களுடைய 1776-ம் வருடத்துச் சட்டம் ஒரு விசித்திரமான சட்டம். மேல்சபை கிடையாது. கவர்னர் கிடையாது, பதிலாக ஒரு நிர்வாகக் குழு, அதற்கு ஒரு தலைவர். 1787-ல் அந்தத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின். ஒரே சபைக்கு அத்தனை அதிகாரத்தையும் கொடுத்துவிட்டதால், அதைச் சுற்றி வேலி வேலியாகப் போட்டார்கள். வருடாவருடம் தேர்தல். ஏழு வருடத்தில் நான்கு வருடத்துக்குமேல் ஒருவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. பொதுவான மசோதாக்களை அச்சடித்து ஜனங்கள் படிக்கக் கொடுக்க வேண்டும். திடீர் அவசரம் இருந்தால் ஒழிய, அடுத்த கூட்டத்தொடரில்தான் சட்டமாக்கலாம். கோரம் மூன்றில் இரண்டு. எல்லாமே ‘மெதுவாகப் போ’ என்று சபையின் கையைப் பிடித்து இழுக்கிற ஏற்பாடுகள்.

இப்போது பாருங்கள், அன்று அவசரமாக ஏற்கச் சொன்ன புதிய தேசியச் சட்டத்தில் கோரத்துக்குப் பாதிக்குமேல் இருந்தாலே போதும். வராத உறுப்பினரைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரவும் அதில் இடம் உண்டு. பென்சில்வேனியாவும் 1790-ல் தன் சட்டத்தை மாற்றி எழுதியபோது பாதிக்குமேல் என்று இறக்கிக்கொண்டது. இரண்டு சபை, ஒரு கவர்னர் எல்லாம் வந்தன. முதல் கவர்னர் யார் என்கிறீர்கள்? அதே மிஃப்ளின்.

கேள்வி: அப்போதே கட்சிகள் இருந்தனவா? (கல்லூரி மாணவி, திருச்சி)

கொடி, சின்னம், உறுப்பினர் அட்டை இல்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்தவர்களுக்குப் பெயர் ‘கான்ஸ்டிட்யூஷனலிஸ்ட்’, அதாவது அரசியல் சட்டக்காரர்கள்! ஏனென்றால் அவர்களுக்குச் சட்டம் என்றால் 1776-ம் வருடத்து மாநிலச் சட்டம்தான். எதிர்க்கோஷ்டிக்கு ‘ரிபப்ளிகன்’ என்று பெயர். இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேர்வில் எழுதிவிடாதே.

கோடு எங்கே விழுந்தது என்றால் பெரும்பாலும் மலையிலும் காசிலும். மேற்குக் கவுண்டிகளின் விவசாயிகள், ஸ்காட்லாந்து–அயர்லாந்து வழி வந்த பிரஸ்பிட்டேரியன்கள் (ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) பெரும்பாலும் கான்ஸ்டிட்யூஷனலிஸ்ட் பக்கம். பிலடெல்பியா வியாபாரிகள், வங்கிக்காரர்கள் ரிபப்ளிகன் பக்கம். 1785-ல் சபை பாங்க் ஆஃப் நார்த் அமெரிக்காவின் உரிமத்தை ரத்து செய்தது. காற்று மாறி 1787 மார்ச்சில் அதே சபை திருப்பிக் கொடுத்தது. வருடாவருடம் தேர்தல் என்றால் இப்படித்தான், ஊஞ்சல் மாதிரி. அதனால்தான் அந்த 19 பேரும் நாளைக் கடத்தப் பார்த்தார்கள். அக்டோபரில் ஊஞ்சல் தங்கள் பக்கம் வரும் என்ற நம்பிக்கை.

வரவில்லை. அக்டோபர் தேர்தலிலும் ரிபப்ளிகன் பக்கமே பெரும்பான்மை. அதாவது, இரண்டு பேரைத் தெருவில் இழுக்காமல் இருந்திருந்தாலும், சில வாரம் தாமதமாக இதே தீர்மானம் நிறைவேறியிருக்கும்!

கேள்வி: 230 வருடத்துக்கு முந்தைய சபையில் யார் என்ன சொன்னார் என்று நீங்கள் அடித்துவிடுகிறீர்களா? (பெயர் வேண்டாம், சென்னை)

பெயர் வேண்டாம் என்று எழுதினாலும் கையெழுத்து தெரிகிறது, ஐயா. அடித்துவிடவில்லை. அந்தச் சபையில் தாமஸ் லாயிட் என்று ஒரு சுருக்கெழுத்துக்காரர் இருந்தார். உறுப்பினர்கள் பேசப்பேச எழுதி, அச்சடித்து விற்றார். பிறகு அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் விவாதங்களையும் எழுதியவர் அவர்தான். சுருக்கெழுத்து படித்தவர்களுக்குத் தெரியும். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் பென்சில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ‘நடையை எட்டிப் போட்டார்’ என்கிற மாதிரி ஒரு சின்ன விஷயத்தை விடாமல் பிடிக்கிற பதிவைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

ஆனால் லாயிட்மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. நவம்பரில் கூடிய மாநாட்டிலும் அவர் எழுதினார். புத்தகம் வந்தபோது பார்த்தால், ஆதரவாகப் பேசிய ஜேம்ஸ் வில்சன், தாமஸ் மெக்கீன் இருவருடைய உரைகள்தான் இருந்தன. எதிர்த்தவர்கள் வாரக்கணக்கில் பேசினார்களே, அது எங்கே? லாயிடுக்குக் காசு கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. காசோ என்னவோ, புத்தகத்தில் பாதி மாநாடு இல்லை.

அது மட்டுமா? கடைசி நாள் வைட்ஹில் எழுந்து 15 திருத்தங்களை வாசித்தார். மனசாட்சிப்படி வழிபடும் உரிமை, பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் அதில் இருந்தன. பெரும்பான்மையினர் அதை விவாதிக்க மறுத்தார்கள். சரி, தோற்றதாகவாவது நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுங்கள் என்றால், அதற்கும் மாட்டோம் என்றுவிட்டார்கள். தீர்மானப் புத்தகம் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு உறுப்பினருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. செப்டம்பரில், புத்தகத்தில் பேர் வர வேண்டாம் என்று கெஞ்சிய மெக்கால்மண்டை இழுத்து வந்து பேரை ஏற்றினார்கள். டிசம்பரில், புத்தகத்தில் ஏற்றுங்கள் என்று கெஞ்சிய வைட்ஹில்லை ஏற்றவில்லை. அந்த 15-ல் பல விஷயங்கள் 1791-ல் உரிமைகள் சாசனமாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டன என்பது வேறு கதை.

கேள்வி: மாநாட்டில் ஓட்டு எப்படி? ஜனங்கள் உண்மையில் அதை விரும்பினார்களா? (வாசகர், கோயம்புத்தூர்)

1787 டிசம்பர் 12-ம் தேதி, 46க்கு 23. டெலவேர் ஐந்து நாள் முன்னால் முந்திக்கொண்டதால் பென்சில்வேனியா இரண்டாவது. 46 என்ற எண் மறுபடி வருவதைக் கவனித்தீர்களா? தற்செயல்தான், ஆனால் எனக்கு மெக்கால்மண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

ஜனங்கள் விரும்பினார்களா என்றால், தோற்ற 23 பேரில் 21 பேர் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ளவர்கள் 70,000 பேர், ஓட்டுப் போட்டவர்கள் 13,000 பேர்தான் என்பது அவர்கள் கணக்கு. தோற்றவர் கணக்கு என்று ஒதுக்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. செப்டம்பர் 29-ல் உத்தரவு, நவம்பர் 6-ல் தேர்தல். நடுவில் ஐந்தரை வாரம். குதிரையிலும் கால்நடையிலும் மலை தாண்டிச் செய்தி போய், விவரம் புரிந்து, ஆள் நிறுத்தி, ஓட்டுப் போட வேண்டும். மேற்கே கார்லைலில் டிசம்பர் 26-ம் தேதி ஆதரவாளர்கள் பீரங்கி வெடித்துக் கொண்டாடக் கிளம்பியபோது எதிர்ப்பாளர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். மறுநாள் வில்சன், மெக்கீன் இருவருடைய கொடும்பாவியையும் எரித்தார்கள். கொடும்பாவி கலாசாரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி: தூக்கி வந்தவர்களை யாரும் கேட்கவில்லையா? (வாசகர், விருதுநகர்)

கேட்டார்கள், கேட்டதோடு சரி. கூட்டத்தில் முன்னால் நின்றவர் கேப்டன் ஜான் பாரி, சுதந்திரப் போரில் பெயர் வாங்கிய கடற்படைக்காரர். மெக்கால்மண்ட் நிர்வாகக் குழுவிடம் புகார் கொடுத்தார். பாரிமேல் வழக்குப் போடச் சொல்லி அரசு வழக்கறிஞருக்கு உத்தரவும் போனது. விசாரணை நடக்கவே இல்லை. பாரி பிற்பாடு அமெரிக்கக் கடற்படையின் மூத்த அதிகாரியாகிவிட்டார்.

நவம்பர் 6 தேர்தல் முடிந்த ராத்திரி இன்னொரு கூட்டம் வந்து அதே பாய்ட் விடுதியில் கல்லெறிந்தது. உள்ளே அதே மேற்கத்தி உறுப்பினர்கள். அதற்கும் யாரும் அகப்படவில்லை. விடுதி நடத்திய மேஜர் பாய்டுக்குக் கண்ணாடிச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

கேள்வி: இந்தத் தேர்தல்களில் பெண்களுக்கு ஓட்டு இருந்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

பென்சில்வேனியாவில் இல்லை. 21 வயதான, ஒரு வருடம் குடியிருந்து வரி கட்டிய சுதந்திர ஆண்களுக்கு உண்டு. நிலம் வேண்டியதில்லை, வரி கட்டினால் போதும் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

ஆனால் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருந்தது! 1776-ம் வருடத்துச் சட்டத்தில் 50 பவுண்டு சொத்துள்ள ‘குடியிருப்பவர்கள் எல்லாரும்’ என்று எழுதிவிட்டார்கள். கல்யாணமான பெண்ணின் சொத்து புருஷனுடையது என்பதால், நடைமுறையில் விதவைகளும் கல்யாணமாகாதவர்களும் ஓட்டுப் போட்டார்கள். 1790-ல் வந்த தேர்தல் சட்டம் ‘அவன் அல்லது அவள்’ என்றே எழுதியது. 1807-ல் எல்லாம் முடிந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் எசெக்ஸ் கவுண்டியில் நீதிமன்றக் கட்டடம் நெவார்க்கிலா எலிசபெத்டவுனிலா என்று ஓட்டெடுப்பு. கள்ள ஓட்டு தாராளம். பாவாடை கட்டிக்கொண்டு ஆண்கள் இரண்டாம் தடவை போட்டார்கள் என்றுகூடக் குற்றச்சாட்டு. அதே வருடம் சபை கூடி, ஊழலை ஒழிக்கிறோம் என்று, வெள்ளை ஆண்களுக்கு மட்டும் ஓட்டு எனச் சட்டம் போட்டது. பாவாடை கட்டிய ஆணுக்கு ஓட்டு மிஞ்சியது, பாவாடைக்குச் சொந்தக்காரிக்குப் போய்விட்டது. கறுப்பினத்தவருக்கும்தான். இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும். இன்னொரு நாள்.

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் கோரத்தைக் கெடுக்க ஜன்னல் வழியாகக் குதித்தாராமே, உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. 1840 டிசம்பர் 5, இல்லினாய் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். புதிய சட்டசபைக் கட்டடம் முடியாததால் சபை ஒரு தேவாலயத்தில் கூடியது. கூட்டத்தொடர் முடிந்ததாக அறிவித்தால், மாநில வங்கி நோட்டுக்குப் பதில் தங்கம் வெள்ளியை எண்ணி வைத்தாக வேண்டிய நெருக்கடி. வங்கியைக் காப்பாற்ற நினைத்த, லிங்கனுடைய விக் கட்சியினர் வெளியே நின்றார்கள். லிங்கனும் ஓரிருவரும் மட்டும் உள்ளே இருந்து வேவு பார்த்தார்கள். ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் லிங்கன் ஜன்னலைத் திறந்து குதித்தார். வருகை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது! எதிர்க்கட்சிப் பத்திரிகை, அவருக்குக் கால் நீளம், ஜன்னலிலிருந்து தரை எட்டியிருக்கும், அடுத்த கட்டடத்துக்கு இன்னொரு மாடி போடுங்கள் என்று கிண்டல் செய்தது. லிங்கன் இதைப் பற்றிப் பேசுவதையே விரும்ப மாட்டார்.

கேள்வி: இவ்வளவு சொன்னீர்களே, அன்று நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் எந்தப் பக்கம்? (அதே வாசகர், திருவாரூர்)

முதலில் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், மேலே சொன்ன காரணத்துக்காக. விட்டிருந்தால் மெக்கால்மண்ட் பக்கம். புதிய அரசியல் சட்டம் தப்பு என்பதால் அல்ல. அச்சடி, படி, அடுத்த கூட்டத்தில் முடிவு செய் என்று அவர்கள் சட்டமே சொல்லியிருக்கும்போது, பத்து நாளில் முடிக்க நினைத்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு விடாமலாவது இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: உங்கள் சங்கத்தில் கையெழுத்துப் போட்ட அந்தத் தாத்தாவுக்கு ரசீது கிடைத்ததா? (என் பேத்தி, வீட்டிலிருந்தே)

கிடைத்தது. கூட்டம் முடிந்து சாயங்காலம் ஐந்தரைக்கு.